திருப்பத்தில் தள்ளாடும் 60 வயது மஸ்டாங்... ஒரே ஒரு இன்ச் மாற்றம் காப்பாற்றியது எப்படி?

நேர் ரோட்டில் சீறிப் பாயும். ஆனால் ஒரு வளைவு வந்தால் போதும், பாடி ஒரு பக்கம் சாயும், முன்பக்கம் இன்னொரு பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். 1960-களின் அமெரிக்க ‘மசில் கார்’களை இன்றும் ஓட்டுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை இது.

இதைச் சரிசெய்ய பலரும் முதலில் யோசிப்பது, ‘சஸ்பென்ஷனை டைட் பண்ணிடலாம்’ என்பதைத்தான். கனமான ஸ்பிரிங், முரட்டு ஷாக் அப்சார்பர் என்று ஆயிரக்கணக்கான டாலர்களைக் கொட்டுகிறார்கள். பணம் போன பிறகும் கார் அதே மாதிரிதான் திரும்புகிறது. கூடுதலாக முதுகுவலி மட்டும் மிச்சம்.

அப்படியானால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? இந்த வகையில் உலகம் முழுக்க அதிகம் பேர் கைவைக்கும் கார்களில் ஒன்றான 1965, 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கை வைத்தே பார்க்கலாம்.

பிரச்னை எங்கிருந்து வந்தது?

1964 ஏப்ரல் 17-ம் தேதி, நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. ஆரம்ப விலை 2,368 டாலர். இரண்டே ஆண்டுகளில் 10 லட்சத்துக்கும் மேல் விற்றுத் தீர்ந்தது. இந்த விலைக்குக் காரணம், அடியில் இருந்த பாகங்களில் பெரும்பாலானவை புதிதல்ல என்பதுதான். ஃபோர்டின் சிக்கன குடும்பக் காரான ஃபால்கனின் அடித்தளத்தை எடுத்து, மேலே அழகான பாடியைப் பொருத்தியிருந்தார்கள்.

கறாராகச் சொன்னால் மஸ்டாங் ‘போனி கார்’ வகை. ஆனால் பெரிய வி8 இன்ஜின் வைத்த மாடல்களை மசில் கார் கூட்டத்தில்தான் ரசிகர்கள் சேர்க்கிறார்கள். சிக்கல் தொடங்குவதும் அந்த இன்ஜினில்தான். சின்ன இன்ஜினை மனதில் வைத்துப் போட்ட சஸ்பென்ஷன் மீது கனமான வி8 வந்து உட்கார்ந்தது. காரின் எடையில் பாதிக்கும் மேல் முன்சக்கரங்களின் தலையில் விழுந்தது.

முன்பக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம் என இரண்டு கைகள் பிடித்திருக்கும். மேல் ஆர்மின் மீது காயில் ஸ்பிரிங் நிற்கும். அந்த ஸ்பிரிங்கைச் சுற்றி, இன்ஜினின் இரு பக்கமும் எழும்பி நிற்கும் இரும்புக் கூடுதான் ‘ஷாக் டவர்’. பின்பக்கத்தில் ஒரே துண்டான கனத்த ஆக்ஸில். அதைத் தாங்குவது நம்ம ஊர் லாரிகளில் ‘பட்டை’ என்று சொல்வோமே, அதே லீஃப் ஸ்பிரிங்.

திருப்பத்தில் என்ன நடக்கிறது?

கார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ரோட்டைத் தொடுவது நான்கு டயர்கள்தான். ஒவ்வொரு டயரும் தொடும் இடம் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவு. திரும்பும் சக்தி, நிற்கும் சக்தி எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளில்தான் இருக்கின்றன. அவை ரோட்டில் தட்டையாகப் பதிந்திருக்கும் வரை கார் சொன்ன பேச்சு கேட்கும்.

இடது பக்கம் வேகமாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பாடி வலது பக்கம் சாயும். வலது முன்சக்கரத்தின் மேல் பாரம் ஏறும். அந்த நேரத்தில் காரைத் திருப்பும் வேலையில் பெரும்பங்கு அந்த ஒரு சக்கரத்துக்குத்தான். அதனால் அந்தச் சக்கரத்தின் மேல்பகுதி கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ந்து கொடுத்தால்தான் டயர் தட்டையாகப் பதியும்.

பழைய மஸ்டாங்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. மேல் ஆர்ம் பொருத்தப்பட்டிருக்கும் கோணம் காரணமாக, பாடி சாயும்போது சக்கரமும் கூடவே வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. டயரின் வெளி ஓரம் மட்டும் ரோட்டைத் தேய்க்கும். காலைச் சாய்த்து நடப்பவரின் செருப்பு ஒரு ஓரத்தில் மட்டும் தேயுமே, அதே கதைதான். ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்பினாலும் கார் நேராகவே தள்ளிக்கொண்டு போகும். இதைத்தான் ‘அண்டர்ஸ்டீர்’ என்கிறார்கள்.

இந்தச் சக்கரச் சாய்வுக்குப் பெயர் ‘கேம்பர்’. கனமான ஸ்பிரிங் மட்டும் போட்டால் பாடி சாய்வது குறையும். ஆனால் ஆர்மின் கோணம் மாறாது. மேடுபள்ளமான ரோட்டில் டயர் குதிக்கும். குதிக்கும் டயர் காற்றில் இருக்கும் நொடியில் அதற்கு எந்தப் பிடியும் கிடையாது. பணம் போட்டும் பலன் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

1965-ல் வந்த ‘ஒரு இன்ச்’

இந்தக் குறை ஃபோர்டு இன்ஜினியர்களுக்குத் தெரியாமல் இல்லை. நிறுவனத்தின் சஸ்பென்ஷன் வல்லுநர் கிளாவுஸ் ஆர்னிங் கணக்குப் போட்டுச் சொன்ன தீர்வு ஆச்சரியமான அளவுக்கு எளிமையானது. மேல் ஆர்ம், ஷாக் டவரில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும் இடத்தை ஒரு இன்ச் கீழே இறக்கினால் போதும்.

இதைச் செய்து காட்டியவர் கரோல் ஷெல்பி. 2019-ல் வந்த ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ படத்தில் மேட் டேமன் நடித்தாரே, அதே ஷெல்பிதான். கிறிஸ்டியன் பேல் நடித்த கென் மைல்ஸ், நிஜ வாழ்க்கையில் இந்தக் காரை மெருகேற்றியவர்களில் ஒருவர்.

மஸ்டாங்கை ரேஸ் காராக மாற்றித் தரும்படி ஷெல்பியிடம் ஃபோர்டு கேட்டது. அப்படி உருவானதுதான் 1965 ஷெல்பி ஜிடி350. இன்ஜின் சக்தியை 271-லிருந்து 306 குதிரைத்திறனாகக் கூட்டினார்கள். ஆனால் வித்தியாசத்தைக் காட்டியது இன்ஜின் மட்டுமில்லை. ஷாக் டவரில் புதிய ஓட்டைகள் போட்டு மேல் ஆர்மை ஒரு இன்ச் இறக்கினார்கள். முன்னால் ஒரு இன்ச் தடிமனுள்ள ஸ்டெபிலைசர் பார், நான்கு பக்கமும் கோனி ஷாக் அப்சார்பர், பின் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு டிராக்‌ஷன் பார்கள் சேர்த்தார்கள்.

1965 பிப்ரவரியில் டெக்சாஸின் கிரீன் வேலியில் நடந்த முதல் ரேஸிலேயே கென் மைல்ஸ் ஓட்டிய ஜிடி350 ஜெயித்தது. அமெரிக்காவின் எஸ்சிசிஏ அமைப்பு நடத்தும் ‘பி புரொடக்‌ஷன்’ பிரிவில் 1965, 66, 67 என மூன்று ஆண்டுகளும் பட்டம் இந்தக் காருக்கே.

ஒரு இன்ச் இறக்கினால் என்ன ஆகிறது? இரண்டு நன்மைகள். முதலாவது, பாரம் ஏறிச் சக்கரம் மேலே எழும்பும்போது அதன் தலைப்பகுதி உள்பக்கமாகச் சாய்கிறது. டயர் தட்டையாகப் பதிகிறது. இரண்டாவது, பாடி எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி உயர்கிறது. அது காரின் எடை மையத்துக்கு அருகே வருவதால் பாடி சாய்வதே குறைகிறது. ஸ்பிரிங்கை மாற்றாமலே கிடைக்கும் பலன் இது. சொகுசும் கெடாது.

இத்தனை நல்ல மாற்றத்தை ஷெல்பியே தொடரவில்லை என்பதுதான் வேடிக்கை. ஒவ்வொரு காரிலும் கையால் ஓட்டை போடுவதற்கு நேரமும் கூலியும் ஆனது. 1966 மாடல் தயாரிப்பின் நடுவிலேயே செலவைக் குறைக்க இதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் மஸ்டாங் ரசிகர்கள் விடவில்லை. ‘ஷெல்பி டிராப்’, ‘ஆர்னிங் டிராப்’ என்ற பெயர்களில் இன்றும் வீட்டு கேரேஜ்களில் இது நடக்கிறது.

டிரில்லை எடுப்பதற்கு முன்...

ஆர்வத்தில் நேராக ஓட்டை போடக் கிளம்பிவிடக் கூடாது. 60 வருஷப் பழைய இரும்பு அது. முதல் வேலை பரிசோதனைதான்.

கார் அலைபாய்வதற்குப் பாதிக் காரணம் டிசைன் என்றால், மீதிக் காரணம் தேய்மானம். ஆர்ம் புஷ்களின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கும். டை ராட் எண்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் லூஸாக இருக்கும். இவற்றை மாற்றாமல் எந்த அப்கிரேடு செய்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

மிக முக்கியமானது ஷாக் டவர். மேல் ஆர்ம் மாட்டும் இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா, துரு தின்றிருக்கிறதா என்று அழுக்கைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். விரிசல் உள்ள டவரில் இன்னும் இரண்டு ஓட்டை போடுவது, ஓடும்போது சக்கரத்தின் பிடியே கழன்றுபோகும் ஆபத்தை நாமே வரவழைப்பது. முதலில் வெல்டிங் செய்து சரிசெய்ய வேண்டும். அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

டயரும் அலைன்மென்ட்டும்: குறைந்த செலவு, பெரிய பலன்

மஸ்டாங் வந்த காலத்தில் அமெரிக்காவில் எல்லாரும் போட்டது ‘பயஸ் பிளை’ டயர். உள்ளிருக்கும் நூலிழைகள் குறுக்கும் நெடுக்குமாகச் சரிவாக ஓடும். இன்று எல்லாக் கார்களிலும் இருப்பது ரேடியல். இதில் டயரின் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும். ரோட்டைத் தொடும் பட்டை மட்டும் தட்டையாக நிற்கும். ரேடியல் டயரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த முதல் அமெரிக்க கார், 1970 மாடல் லிங்கன் காண்டினென்டல் மார்க் 3. அதாவது, பழைய மஸ்டாங்கின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அலைன்மென்ட் அளவுகள் ரேடியல் டயருக்காக எழுதப்பட்டவையே அல்ல.

ரேடியல் போட்டுவிட்டு, பழைய அளவிலேயே அலைன்மென்ட் வைத்தால் டயரின் திறமை வீண். சாலையில் ஓட்டும் மஸ்டாங்குக்கு இன்று பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவுகள் இவை:

• கேம்பர்: மைனஸ் அரை டிகிரி முதல் மைனஸ் 1 டிகிரி வரை. அதாவது, சக்கரத்தின் தலை லேசாக உள்பக்கம் சாய்ந்திருக்கும்.

• காஸ்டர்: பிளஸ் 2 முதல் 3 டிகிரி வரை. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பது போன்ற அமைப்பு இது. நேராக ஓடும்போது கார் அலையாது. திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாகவே நடுவுக்கு வரும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் திருப்புவது மட்டும் கொஞ்சம் கனமாகும்.

• டோ-இன்: சுமார் 3 மில்லிமீட்டர். இரண்டு முன்சக்கரங்களின் மூக்கும் லேசாக உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

1965, 66 மாடல்களில் கேம்பரையும் காஸ்டரையும் மாற்ற, மேல் ஆர்ம் தண்டுக்கும் டவருக்கும் இடையே ‘ஷிம்’ எனும் மெல்லிய தகடுகளைச் செருகுவார்கள். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைக்குப் போகும்போது புது அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அவர்கள் மெஷினில் இருக்கும் 1965-ம் ஆண்டு அளவையே வைத்து அனுப்பிவிடுவார்கள்.

ஓட்டை போடும் வேலை: இதை மறந்துவிடாதீர்கள்

இந்த வேலைக்கென்றே டெம்பிளேட் தகடுகள் கடைகளில் கிடைக்கின்றன. அதைப் பழைய ஓட்டைகளில் பொருத்தி, புதிய இடத்தைக் குறித்து, டிரில் போட வேண்டியதுதான். பழைய ஓட்டைகள் அப்படியே இருக்கும் என்பதால், வேண்டாம் என்றால் ஆர்மைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடலாம். காரின் முன்பக்கமும் அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தாழும்.

எளிய வேலையாகத் தெரிந்தாலும் உயிருக்கு ஆபத்தான கட்டம் ஒன்று இதில் உண்டு. அது முன் ஸ்பிரிங்கைக் கழற்றுவது. அழுத்தப்பட்ட காயில் ஸ்பிரிங் நழுவினால் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். இந்தக் காருக்கென்றே உள்ள, டவரின் மேல் வழியாக இறக்கும் ஸ்பிரிங் கம்பிரஸர் கருவி இல்லாமல் கைவைக்கவே கூடாது. காரை வெறும் ஜாக்கியில் நிறுத்தாமல் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

‘ஒரு இன்ச் நல்லது என்றால் இரண்டு இன்ச் இன்னும் நல்லதுதானே’ என்றும் சிலர் கிளம்புவார்கள். அதற்கு மேல் இறக்கினால் மேல் பால் ஜாயின்ட் தன் எல்லைக்கு மேல் வளைந்து இறுகிக்கொள்ளும். அதற்குத் தனியாக ஆப்பு வடிவ ‘வெட்ஜ்’ போட வேண்டும். சாலைக்கு ஒரு இன்ச்சே போதும்.

அடுத்து பார், ஷாக், ஸ்பிரிங்

கோணம் சரியான பிறகுதான் மற்ற பாகங்களுக்கு அர்த்தம் வரும்.

ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. ஒரு பக்கம் சாயும்போது மட்டும் எதிர்த்து நிற்கும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கம்பியின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் அதன் விறைப்பு நான்காம் அடுக்கில் எகிறும். எட்டில் ஏழு பங்கு இன்ச் கம்பிக்குப் பதிலாக ஒரு இன்ச் கம்பி போட்டால், தடிமன் கூடுவது சுமார் 14 சதவீதம்தான். விறைப்பு கூடுவதோ சுமார் 70 சதவீதம்!

அதனால்தான் இங்கே அளவு முக்கியம். முன்னால் அளவுக்கு மீறித் தடித்த பார் போட்டால் மறுபடியும் அண்டர்ஸ்டீர் வரும். பின்னால் தடித்த பார் போட்டால் ஈர ரோட்டில் வால் பக்கம் சட்டென்று சுழன்றுவிடும். சாலையில் ஓட்ட, ஷெல்பி காட்டிய வழியில் முன்னால் ஒரு இன்ச் பார் வைத்துவிட்டு, பின்னால் எதுவும் இல்லாமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம்.

ஷாக் அப்சார்பரில் கஞ்சத்தனம் கூடாது. ஸ்பிரிங் குதிப்பதை அடக்கி, டயரை ரோட்டிலேயே வைத்திருப்பது அதுதான். நல்ல ஷாக் போட்ட பிறகு, தேவைப்பட்டால் மட்டும் கொஞ்சம் கனமான ஸ்பிரிங்குக்குப் போகலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கைக் கண்டபடி அறுப்பது. ஸ்பிரிங்கின் வேலை செய்யும் தூரம் குறைந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் ‘டங்’ என்று அடியில் முட்டும். மேடு ஏறி இறங்கும்போது சக்கரங்கள் தாமாகவே லேசாகத் திரும்பும் கோளாறும் அதிகமாகும்.

பின்பக்கப் பட்டையும் பாடியும்

பச்சை விளக்கு விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், வி8 இன்ஜினின் முறுக்கு பின் ஆக்ஸிலையே திருகப் பார்க்கும். பழைய பட்டை ‘எஸ்’ எழுத்து மாதிரி நெளிந்து, மறுபடி நிமிரும். டயர் தட தடவென்று குதிக்கும். சோர்ந்துபோன பட்டைக்குப் பதில் புதுப் பட்டை, புது புஷ், புது ஷாக் போட்டாலே சாதாரண ஓட்டத்துக்கு இது பெரும்பாலும் அடங்கிவிடும். முரட்டுத்தனமாக ஓட்டுபவர்களுக்குத்தான் டிராக்‌ஷன் பார் தேவை.

பாடியும் நெளியக்கூடியதுதான். திருப்பத்தில் இரண்டு ஷாக் டவர்களும் லேசாக அசைந்தால், அளந்து வைத்த அலைன்மென்ட்டே மாறிவிடும். இதற்கு இரண்டு இணைப்புகள் உண்டு. டவர்களை, இன்ஜினுக்கும் டிரைவர் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரோடு கட்டும் ‘எக்ஸ்போர்ட் பிரேஸ்’ ஒன்று. மோசமான ரோடுகள் உள்ள நாடுகளுக்கு அனுப்பிய கார்களுக்காக ஃபோர்டு செய்தது என்பதால் இந்தப் பெயர். இரண்டு டவர்களையும் குறுக்கே இணைக்கும் ‘மான்டே கார்லோ பார்’ இன்னொன்று. இரண்டையும் போல்ட்டிலேயே மாட்டிவிடலாம்.

நன்றாகத் திரும்பினால் போதுமா?

போதாது. நன்றாகத் திரும்பும் காரை யாரும் மெதுவாக ஓட்டுவதில்லை. இந்த மாடல்களில் பெரும்பாலானவை நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடு வந்தவை. முன் டிஸ்க் பிரேக் கூடுதல் காசுக்குத்தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 1965, 66 மஸ்டாங்கில் பிரேக் ஆயில் ஒரே அறையிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் போகும். எங்காவது ஒரு குழாய் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ள மாஸ்டர் சிலிண்டர் 1967 மாடலில்தான் வந்தது. சஸ்பென்ஷனுக்கு ஒதுக்கும் பட்ஜெட்டில் முதல் பங்கை இந்த மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மொத்தமாக மாற்றும் கிட் வாங்கலாமா?

ஷாக் டவரையே அறுத்து எடுத்துவிட்டு, ‘மஸ்டாங் 2’ பாணி முன் சஸ்பென்ஷன் வைக்கும் கிட்களும் இருக்கின்றன. 1974 மாடலாக வந்த மஸ்டாங் 2 காரின் அமைப்பைப் பின்பற்றியவை இவை. பெரிய இன்ஜின் வைக்க இடம் கிடைக்கும். ஆனால் செலவு பல ஆயிரம் டாலர். அறுத்த பிறகு பழையபடி ஒட்டுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. காரின் அசல் தன்மை போனால், சேகரிப்பாளர்கள் மத்தியில் அதன் மதிப்பும் இறங்கும்.

ஒரு இன்ச் டிராப், நல்ல டயர், நல்ல ஷாக், புது அலைன்மென்ட் போட்ட ஒரு மஸ்டாங், ஊர் ரோட்டுக்குத் தேவையானதைத் தாராளமாகவே செய்யும். 1960-களில் டிராக்கில் ஜெயிக்க அதே அடிப்படையே போதுமானதாக இருந்தது. கழற்றிய அசல் பாகங்களை மட்டும் தூக்கிப் போடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால்...

• முதலில் விரிசல், துரு, தேய்ந்த புஷ், பிரேக் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள்.

• அடுத்து ரேடியல் டயர், அதற்கேற்ற புது அலைன்மென்ட்.

• பிறகு மேல் ஆர்மை ஒரு இன்ச் இறக்குவது.

• அதன் பின் ஷாக், முன் ஸ்டெபிலைசர் பார், பின் பட்டை, டவர் பிரேஸ்.

• கனமான ஸ்பிரிங் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால்தான்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில நாட்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால், எது பலன் தந்தது என்று தெளிவாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், கோளாறு வரும்போது எங்கே தேடுவது என்றே தெரியாது.